கட்டம் போட்ட பேச்சு

இந்தக் காலத்தில் எவனும் கேட்டுவிட்டு எதையும் செய்வதில்லை. செங்கோடனுக்கு உடம்பில் இருக்கிற வியாதிகளை எல்லாம் விடப் பெரிய வியாதி இந்த எரிச்சல்தான். குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டில் ஏறினால், "உங்கள் வசதிக்காகப் புதுப்பிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு பெண் குரல் சொல்லும். நேற்று இருந்த பொத்தான் இன்று வேறு இடத்தில் இருக்கும். "எனக்கு எது வசதின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் லிஃப்டோடு போடும் சண்டை கீழ்த்தளம் வரைக்கும் கேட்கும். மனுசர்களும் அந்தப் பெட்டிகளைப் போலவே ஆகிவிட்டார்கள். எதை நீட்டினாலும் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்திவிட்டு, அப்புறம் உட்கார்ந்து புலம்புகிறார்கள். செங்கோடன் ஆயுசில் ஒருநாளும் சம்மதம் அழுத்தியதில்லை. அழுத்தாவிட்டாலும் அது நடந்து தொலைக்கிறது என்பது வேறு விஷயம்.

அன்று காலை பலகையில் நடந்ததும் அவரைக் கேட்டுவிட்டு நடந்ததல்ல.

பலகை என்றால் அவர் சம்சாரம் பாவாயியின் வாய். மூளையில் ரத்தம் அடைத்து, கை காலோடு நாக்கும் சேர்ந்து விழுந்துபோனதும் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியது. நெற்றியில் ஒரு பட்டை, கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு பலகை. மனசுக்குள் அவள் எந்த எழுத்தை நினைக்கிறாளோ அதைப் பட்டை பிடித்துப் பலகையில் போடும் என்றார்கள். கொண்டுவந்து மாட்டிய அன்றைக்கே பாவாயி என்னவோ சொன்னாள். பலகையில் எழுத்து வரவில்லை. கட்டம் வந்தது. உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்கட்டங்கள், ஓடு பிரித்த கூரை மாதிரி வரிசையாக.

கம்பெனிக்குப் போன் போட்டார். "தமிழ் உள்ளே இருக்குங்கய்யா. இந்த மாடல்ல அதை ஆன் பண்ணி அனுப்பறதில்லை. அடுத்த பதிப்புல வரும்" என்றான் ஒருத்தன். அடுத்த தடவை வேறொருத்தன் அதையே சொன்னான். எந்த நாட்டிலோ உட்கார்ந்து செய்தவனுக்கு நாமக்கல்லில் ஒரு பொம்பளை பேசினாலும் ஒன்றுதான், பேசாவிட்டாலும் ஒன்றுதான். மூன்று வருஷம் அப்படியே ஓடிற்று.

எழுத்து இல்லை என்பதற்காக வண்டியை ஓரம் கட்டுகிற ஆள் இல்லை செங்கோடன். லாரிகள் ஆளில்லாமல் தாமாக ஓட ஆரம்பிக்கும் முன்னால், நாமக்கல்லில் இருந்து அசாம் வரைக்கும் லோடு அடித்தவர். மூன்றாங்கிளாஸ் படிப்பு. ஒரிசாவில் போர்டையா படித்தார்? போர்டின் நீளத்தைப் பார்த்தார், திரும்பினார், ஊர் வந்தது. கிளீனர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போன பிறகு பாவாயிதான் பக்கத்து சீட்டில் ஏறினாள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கிப் போய், பாடியின் மேல் உள்ளங்கையால் தட்டுவாள். தட் தட் தட் என்று விடாமல் தட்டினால் வா. பலமாக ஒரே அறை என்றால் நில். இருட்டிலும் மழையிலும் அவர் கண்ணாடியைப் பார்த்ததே இல்லை. அவள் கைதான் கண்ணாடி.

அதனால் பலகைக்கு எதிரே நின்று சொன்னார்: "எழுத்தைத் தூக்கிக் குப்பையில போடு பாவாயி. நீ தட்டு. நான் பார்த்துக்கறேன்."

பாவாயி மனசாலேயே தட்டினாள். ஒரு கட்டம் என்றால் சரி. இரண்டு என்றால் வேண்டாம். இரண்டு போட்டு, இடைவெளி விட்டு இன்னொன்று போட்டால் தலையணையைத் திருப்பு. நிற்காமல் வரி முழுக்க ஓடினால் திட்டுகிறாள். போகப்போக அவர்களுக்குள் ஒரு பாஷையே உண்டாகிவிட்டது. எழுத்து வராத பலகைகளுக்கு வீட்டு ஆள் ஒருத்தர் அர்த்தம் சொன்னால் போதும் என்று சர்க்கார் ஒரு சலுகை வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வரும். "என்ன சொல்றாங்க?" என்று கேட்கும். செங்கோடன் சொல்வார். ஆள் போய்விடும்.

அன்று காலையும் எப்போதும்போல, "காபி கலக்கட்டுமா?" என்றார்.

பலகையில் கட்டம் வரவில்லை. கொழுகொழுவென்று ஒரு எழுத்து வந்து நின்றது. த. கூடவே, செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், நடுவீட்டில் யாரோ, "த" என்றார்கள்.

செங்கோடன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எவடி அது?"

பாவாயி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பத்து மணி வாக்கில் கம்பெனியில் இருந்து மிருதுளா என்ற பெண் வந்தாள். கூடவே பாவாயியின் தங்கச்சி பூங்கொடி. அவள் திருப்பூரில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். ரத்த சொந்தம் ஒருத்தர் கூட இருக்க வேண்டும் என்று தகவல் போயிருந்ததாம். செங்கோடனுக்குத் தகவல் வரவில்லை. வந்திருக்கும். அவர் பார்த்திருக்க மாட்டார்.

"நேத்து ராத்திரி எல்லாப் பலகைக்கும் புது சிஸ்டம் போயிருக்குங்கய்யா" என்றாள் மிருதுளா. முகத்தில் கல்யாணச் செய்தி சொல்கிற சந்தோஷம். "உலகத்துல இருக்கற எல்லா பாஷை எழுத்தும் இனிமே தானாவே தெரியும். யாரும் ஆன் பண்ண வேண்டியதில்லை. குரலும் உண்டு."

"உள்ளதான் இருந்துச்சுன்னானுவளே?"

"ஆமாங்க. உள்ள இருந்துச்சு. காட்டறதைத்தான் அணைச்சு வெச்சிருந்தாங்க."

"மூணு வருசமா?"

"சின்ன மாடல்ல இடம் பத்தாதுன்னு..."

"என்ற சம்சாரம் பேசறதுக்கு இடம் பத்தலை. உங்க விளம்பரம் மட்டும் அதே பலகையில காலையும் சாயங்காலமும் ஓடுச்சே, அதுக்கு இடம் எங்கிருந்து வந்துச்சு அம்மணி?"

மிருதுளா பையில் இருந்து ஒரு கருவியை எடுத்துப் பலகையில் செருகினாள். பிறகு, தரையைப் பார்த்தபடி, வந்த காரியத்தைச் சொன்னாள். எழுத்து வந்துவிட்டதால் தமிழ்ப் பலகைகளுக்கு இனிமேல் அந்தச் சலுகை இல்லை. என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேச்சு. வீட்டு ஆள் சொல்கிற அர்த்தம் செல்லாது. இன்றைக்குக் கருவி கேட்டுவிட்டு, பேச்சு உண்டா இல்லையா என்று முடிவு போடும். உண்டு என்றால் அந்தம்மா விஷயத்தை அந்தம்மாவே முடிவு பண்ணலாம்.

"இல்லைன்னா?" என்றாள் பூங்கொடி.

"நினைவு இல்லாதவங்க கணக்குல வந்துடுவாங்க. சேலத்துல பராமரிப்பு இல்லம் இருக்கு. அங்க மாத்திடுவாங்க. நல்லாத்தான் பார்த்துக்குவாங்க."

"சேலத்துக்கு எதுக்கு மாத்தோணும்? அவளுக்கு என்ன நினைவு இல்லை? போன வாரம் நான் ரசத்துல உப்புப் போட மறந்ததுக்கு ரெண்டு வரி திட்டினா!"

"அதை அவங்களே சொல்லட்டுங்க" என்றாள் மிருதுளா. கட்டில் பக்கம் குனிந்தாள். "அம்மா, உங்க பேர் என்னம்மா?"

பாவாயியின் கண் அந்தப் பெண்ணைப் பார்த்தது. பிறகு பலகைக்குப் போனது. எழுத்துகள் வந்தன.

ததத தத த

"ததத. தத. த" என்றது குரல், வானிலை அறிக்கை வாசிப்பது போல.

பூங்கொடி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். மிருதுளா இன்னும் மெதுவாகக் கேட்டாள். "இது எந்த ஊர்ம்மா?"

ததத தத த

கருவியில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. பொருளுள்ள பேச்சு இல்லை.

"என்ன இல்லை?" செங்கோடன் கத்தினார். "அவ என்ன சொல்றான்னு தெரியாமயே இல்லைன்னு போடறீங்க! மூணு, ரெண்டு, ஒண்ணு. அப்படின்னா 'அவரைக் கேளு'ன்னு அர்த்தம். யாரு வந்து எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. என்னையக் கேக்கச் சொல்றா!"

மற்றவர்கள் காதில் அது எப்படி விழும் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"மாமா" என்றாள் பூங்கொடி. அழுகை நின்று குரல் கெட்டியாகி இருந்தது. "உங்களைக் கேக்கச் சொல்றாளா அக்கா? நல்லா இருக்குதுங்க. மூணு வருசமா எங்க எல்லாருக்கும் நீங்கதான அர்த்தம் சொன்னீங்க? அக்கா இப்படிச் சொல்றா, அப்படிச் சொல்றான்னு. அத்தனையும் இந்த தத்தாதானா?"

"ஏம்புள்ள, நான் பொய் சொன்னேங்கறயா?"

"பொய்யின்னு சொல்லலீங்க. ஆசையில உங்களுக்கே அப்படித் தோணியிருக்கும்."

அதற்குப் பொய் என்றே சொல்லியிருக்கலாம். செங்கோடனுக்குக் காது சுட்டது.

"போன தைக்கு வந்து கேட்டேன்" என்று பூங்கொடி விடாமல் சொன்னாள். "அக்காளை ஒரு மாசம் திருப்பூர் கூட்டிட்டுப் போறேன், எங்க வீட்ல தரைத்தளம், வாசல்ல உட்கார வெச்சா நாலு சனத்தைப் பார்ப்பான்னு கேட்டேன். உள்ள வந்தீங்க. வெளிய போனீங்க. 'ரெண்டு தட்டிட்டா, வரமாட்டாளாம்'னீங்க. நான் அழுதுட்டே பஸ் ஏறினேன். அந்த ரெண்டும் இந்த மாதிரி தத்தாதானுங்களா?"

"ரெண்டுதான் தட்டினா! சத்தியமா ரெண்டுதான்!"

"சரிங்கய்யா, சரிங்க" என்று மிருதுளா குறுக்கே வந்தாள். "அம்மா ஒரே எழுத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடறாங்க. இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். சில பேருக்கு மூளை ஒரு எழுத்துல மாட்டிக்கும்..."

"கட்டம்தான தெரிஞ்சுது! எந்த எழுத்தைப் போட்டா என்ன? கட்டத்துக்குள்ள என்ன இருக்குதுன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எண்ணிக்கைதான் கணக்கு. லாரியத் தட்டறப்போ எந்த விரல்ல தட்டறான்னு எவனாச்சும் பார்ப்பானா?" அவர் கட்டிலுக்குப் போய் பாவாயியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "பாவாயி, இந்த அம்மணிக்குக் காட்டு. நான் வெளிய போய் நிக்கறேன். அவ உங்கிட்ட என்னமாச்சும் கேக்கட்டும். நீ தட்டு. நான் உள்ள வந்து சொல்றேன். காட்டு புள்ள."

பாவாயி தட்டவில்லை.

பலகை காலியாகக் கிடந்தது. அவள் கண் அதை விட்டு நகரவில்லை. காலையில் அந்த முதல் எழுத்து வந்து நின்றபோது எப்படிப் பார்த்தாளோ அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுடி!"

ஒன்றுமில்லை.

"உன்னையத் தூக்கிட்டுப் போகப் போறாங்க. விளையாடற நேரமா இது? ஒண்ணே ஒண்ணு போடு. போதும்."

மிருதுளா கருவியின் மேல் விரலைக் கொண்டுபோனாள். "நான் இந்த முடிவைப் பதிஞ்சுதான் ஆகணுங்கய்யா. மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"கையை எடு."

"ஐயா..."

"கையை எடுன்னா எடு அம்மணி. மூணு வருசம் காக்க வெச்சீங்க. இப்ப அஞ்சு நிமிசம் நீங்க காத்திருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

அவள் கையை எடுத்தாள். மூன்று பேரும் நின்றார்கள். கீழே தெருவில் ஆளில்லாத லாரி ஒன்று யாரையும் கேட்காமல் தானாகப் பின்னால் வந்து தானாக நின்றது.

பலகையில் ஒரு எழுத்து வந்தது. ம. அழிந்தது. பிறகு வ. அதுவும் அழிந்தது. பிறகு ப. அது அழியவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு கால் வந்து ஒட்டிக்கொண்டது. நடக்கப் பழகுகிற குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு போவதுபோல, ஒவ்வொன்றாக, நின்று நின்று.

பாவாயி

"பாவாயி" என்றது குரல்.

பூங்கொடி, "அக்கா!" என்று கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். கருவியில் சிவப்புக் கோடு போய்ப் பச்சை வந்தது. மிருதுளாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை நாள் என்ன போடறோம்னு அவங்களுக்கே தெரியலைங்க. இப்பத்தான் தெரியுது. அதான் தடுமாறி இருக்காங்க."

செங்கோடன் சிரிக்கத்தான் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல? நினைவு இருக்குதுன்னு சொன்னேன்ல? சேலமாம் சேலம்!" என்று மிருதுளாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஆனால் அந்தப் பெண்கள் இரண்டு பேரும் அவரைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நாளும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பலகையைப் பார்த்துவிட்டு உடனே அவர் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மறுபடி எழுத்து வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

பூங்கொடி வீட்டுக்கு ஒரு மாசம் போறேன்

குரல் அதை வாசித்தது. செங்கோடனுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. எழுத்துக் கூட்டி அவரும் ஒருமுறை படித்தார். பிறகு இன்னொருமுறை.

"போன தைக்குக் கேட்டப்போ ரெண்டு தட்டினயே" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். "வேண்டாம்னுதான தட்டினே? எத்தனை கட்டம்னு எனக்குத் தெரியாதா?"

ரெண்டுதான் தட்டினேன்

"பார்த்தியா! பார்த்தியா பூங்கொடி! ரெண்டுதான் தட்டினாளாம். அவளே சொல்லிட்டா. நான் பொய் சொன்னேனா?"

"ரெண்டு தட்டிட்டு இப்ப போறேங்கறாளே, அதைக் கேளுங்க மாமா" என்றாள் பூங்கொடி.

பலகையில் எழுத்து ஊர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் பேச்சு ஓயும்வரை அது பொறுமையாக வந்து சேர்ந்தது.

என்னை விட்டுட்டுப் போறயான்னு கேட்டீங்க. இல்லைன்னு சொன்னேன்

செங்கோடனுக்கு நினைவு வந்தது. கேட்டது அப்படித்தான். உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, அப்படித்தான் கேட்டார். வேறு எப்படிக் கேட்பது? போகிறாள் என்றால் விட்டுவிட்டுத்தானே போகிறாள்?

"கேட்டதுக்குத்தான பதில் சொல்ல முடியும் அக்காளால?" என்றாள் பூங்கொடி. இப்போது அவள் குரலில் சண்டை இல்லை. "தட்டி எப்படிங்க கேள்வி கேக்கறது? சரின்னோ வேண்டாம்னோ, நீங்க கேட்டதுக்குத்தான சொல்லலாம்."

"தலையணை திருப்பச் சொல்லுவாளே. திட்டுவாளே."

"திட்டறது எல்லாம் என்னன்னு தெரியுமுங்களா?"

அது தெரியாது. திட்டு என்று தெரியும். வரி முழுக்க ஓடும் கட்டங்களைப் பார்த்து, 'சரி சரி, போதும்டி' என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறார். உள்ளே என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்தான் என்ன, இன்னும் கொஞ்சம் கட்டம் வந்திருக்கும்.

"இதை அவ பேசலை" என்றார் திடீரென்று.

"ஐயா?"

"இந்தப் பொட்டி பேசுது. 'கேட்டீங்க'வாம். என்ற பாவாயி எந்தக் காலத்துல என்னைய நீங்கன்னு சொன்னா? வண்டியில ஏறி உக்காந்தா போடா வாடாதான். இது நீங்களே உள்ள எழுதி வெச்சுது. அவ ஒரு எழுத்தை நினைச்சா மீதியை இது போட்டுக்கும். எனக்குத் தெரியாதா உங்க வேலை? லிஃப்டு மாதிரிதான் இதுவும்."

"இல்லீங்கய்யா, அவங்க நினைக்கிற எழுத்து மட்டும்தான் வரும். சிஸ்டம் சொந்தமா எதையும்..."

"கட்டமா வந்தப்போவும் இப்படித்தான் சொன்னானுவ. எல்லாம் சரியா இருக்கு, உள்ள இருக்குதுன்னு."

பூங்கொடி எழுந்து நின்றாள். "நாலு பேர் முன்னாடி அக்கா எப்பவும் உங்களை நீங்கன்னுதானுங்க மாமா சொல்லுவா. எங்க எல்லாருக்கும் தெரியுமே."

"நாலு பேரு எங்க இருக்கீங்க? மூணு பேருதான் இருக்கோம்!"

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் பாவாயியின் ஒரு பக்க உதடும் லேசாக இழுபட்டது. அது சிரிப்பா, வலியா என்று எப்போதும் செங்கோடன்தான் சொல்வார். இப்போது யாரும் அவரைக் கேட்கவில்லை.

"கட்டத்தைத் திரும்பக் கொண்டாங்க" என்றார்.

"முடியாதுங்கய்யா. இனிமே எல்லாப் பலகையிலயும் இதுதான். அணைக்கற பொத்தானே வெக்கலை."

"அணைச்சு வெக்க மட்டும் மூணு வருசம் பொத்தான் இருந்துச்சு. இப்ப நான் கேட்டா இல்லை." அவர் ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்து உதறினார். "நல்ல நியாயம். என்னமோ பண்ணிக்கங்க. திருப்பூர் போறதுன்னா போங்க. மாத்திரை எந்த நேரத்துக்குன்னு இந்தப் பொட்டியவே கேட்டுக்கங்க, அதான் எல்லாம் தெரிஞ்ச மகராசியாச்சே."

"மாமா, இப்படிப் பேசினா எப்படிங்க? அக்கா பேசறா. சந்தோசப்பட வேண்டாமா?"

"நான் எதுக்குச் சந்தோசப்படோணும்? என்கிட்ட அவ மூணு வருசமா பேசிட்டுத்தான் இருந்தா."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார். லிஃப்டை ஏறெடுத்தும் பார்க்காமல் படிக்கட்டில் இறங்கினார். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது. பின்னால், திறந்த கதவு வழியாக, அந்தச் செய்தி வாசிப்புக் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

"மாமா, எங்கே போறீங்க?"

மூன்று வருஷத்தில் பாவாயியிடம் இருந்து வந்த முதல் கேள்வி அது.

செங்கோடன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல கேள்விதான். எங்கே போகிறோம் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பெட்டி கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு என்ன தலையெழுத்தா?

"பொட்டி கேக்குது, பொட்டி" என்று முணுமுணுத்தபடி அடுத்த படியில் காலை வைத்தார். மேலே குரல் அதே கேள்வியை அதே மாதிரி இன்னொருமுறை கேட்டது. அவர் தெருவில் இறங்கி நடந்தார்.